என் மகளுக்குக் கணக்கு வருகிறது என்றார்கள்

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாம் கூடுகிற இந்தக் கூடத்தில் நான் எழுந்து நின்று பேசுவது இது இரண்டாம் முறை. சென்ற ஆண்டு ரமழான் முடிந்த பிறகு இங்கே நின்று, "என் துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொண்டான், என் மகளுக்குக் கணக்கு வந்துவிட்டது" என்று அழுதுகொண்டே சொன்னேன். உங்களில் பலரும் என்னோடு அழுதீர்கள். நான் அன்று சொன்னது உண்மையில்லை. உண்மையில்லை என்பது எனக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். அதன் பிறகு அல்லாஹ் எனக்குச் செய்த உதவியையும் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் இருக்கிறோம். என் கணவர் சுல்தான் மாந்தோப்புகளைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து, காய்களைப் பறித்துப் பெட்டி போட்டு வடக்கே லாரியில் அனுப்புகிறவர். எங்களுக்கு ஒரே மகள், ஸஃபியா. இப்போது பத்து வயது. அவளுக்கு ஆட்டிசம் இருப்பதாக டாக்டர் சொன்னபோது மூன்று வயது.

அப்போது அவளிடம் கொஞ்சம் சொற்கள் இருந்தன. தாகமெடுத்தால் "தண்ணி" என்பாள். பிடிக்காததைக் கொடுத்தால் "வேணாம்" என்று தள்ளிவிடுவாள். அவளுடைய அத்தா வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வந்து "போலாம்" என்பாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். நான் குனிந்து, "ஒண்ணுமில்லடா தங்கம், சோறு வெந்துருச்சு, வா" என்று சொன்னால் மெதுவாக வெளியே வருவாள். இவ்வளவுதான் எங்கள் பேச்சு. இவ்வளவு இருந்தது.

மலையாளப் பள்ளியில் சேர்த்தோம். கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார வைத்தார்கள். ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பு மாறியதே தவிர அவள் ஒன்றும் கற்கவில்லை. எழுத்து தெரியவில்லை. ஒன்று, இரண்டு என்றால் என்னவென்று தெரியவில்லை. நான் பெரிய படிப்புக்கு ஆசைப்படவில்லை, சகோதரிகளே. எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், எத்தனை மாத்திரை போட வேண்டும் என்றாவது தெரிய வேண்டாமா? எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரிய வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் ஜமீலா வந்தாள். மதரசாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓதியவள். கல்யாணத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற பயிற்சி முடித்து, கொல்லங்கோட்டில் தன் வீட்டு மாடியில் வகுப்பு வைத்திருந்தாள். என் நிலைமையைக் கேள்விப்பட்டு அவளாகவே வீடு தேடி வந்தாள்.

"இனி ஸஃபியா எம் பொறுப்பு நூரு. நீ அழுவாத" என்றாள். எனக்கு அவள் மனுஷியாகத் தெரியவில்லை. நான் ஏந்திய கைக்கு அல்லாஹ் அனுப்பிய பதிலாகவே தெரிந்தாள்.

முதல் நாளே ஒன்று சொன்னாள். "ரெண்டு பாஷை கேட்டா அவ மண்டை கொழம்பிரும்டி. ஸ்கூல் பாஷை மலையாளம். ஊட்டுலயும் அதையே பேசு. தமிழ நிறுத்திரு."

நிறுத்தினேன். மலையாளம் நல்ல மொழிதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வியாபாரத்தில் பாதி அதில்தான் நடக்கிறது. ஆனால் என் மலையாளம் கடைத்தெரு மலையாளம். விலை பேச வரும், கொஞ்ச வராது. கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிற பிள்ளையிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்கு வாயில் வரவில்லை. "வரூ, வரூ" என்பேன். யாரோ ஒருத்தி கூப்பிடுகிற மாதிரி அவள் பார்ப்பாள். என் கணவருக்கும் அதே கஷ்டம். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவள் எதிரில் வீடே வாய் மூடிக்கொண்டது. "தண்ணி" போயிற்று. "வேணாம்" போயிற்று. சாவி சத்தம் கேட்டால் ஓடி வருவாள், வந்து சும்மா நிற்பாள்.

ஜமீலாவிடம் சொன்னேன். "அது அப்படித்தான்டி. பழசு போனாத்தான் புதுசு வரும்" என்றாள். நம்பினேன்.

பிறகு வீடியோக்கள் வர ஆரம்பித்தன. ஸஃபியா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பாள். ஜமீலாவின் குரல் மட்டும் கேட்கும். "ரண்டும் மூணும் கூட்டியால்?" ஸஃபியா "அஞ்சு" என்பாள். அடுத்த கேள்விக்கு "ஏழு". அதற்கடுத்ததுக்கு "நாலு". கடைசியில் "ஒம்பது". முதல் வீடியோவைப் பார்த்த அன்று நான் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளையின் குரல்! அதிலும் கணக்கு!

வகுப்பு முடிந்து அழைக்கப் போகும்போது, சில நாள் ஜமீலாவும் நானும் சேர்ந்து துஆ கேட்போம். நான் கேட்பேன், அவள் ஆமீன் சொல்வாள். "யா அல்லாஹ், இவளுக்கு இல்மை, கல்வியைத் திறந்துவிடு" என்பேன். "ஆமீன்" என்பாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருக்கும். அந்தக் கண்ணீரை இன்றைக்கும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அதன் பிறகுதான் இங்கே வந்து, ஜமீலா என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உங்கள் முன்னால் பேசினேன். என் பேச்சைக் கேட்டு உங்களில் சிலர் உங்கள் பிள்ளைகளையும் அவளிடம் சேர்த்தீர்கள். ஸஃபியாவின் வீடியோவை அவள் எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொள்ளாச்சியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். சாப்பாடெல்லாம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன், "மதினி, ஸஃபியாகிட்ட ஒரு கணக்குக் கேட்டுப் பாருங்க" என்று. அவர் ஆசையாக அவளைப் பக்கத்தில் இழுத்து, "ஒண்ணும் ஒண்ணும் எத்தனடா தங்கம்?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றாள்.

நாத்தனார் சிரித்தார். "பரவால்ல. மூணும் மூணும்?"

"ஏழு."

நாத்தனார் பேச்சை மாற்றுவதற்காக அவள் தலையைத் தடவி, "மாமி வந்திருக்கேனே, எங்கண்ணு சாப்ட்டுச்சா?" என்று கேட்டார்.

"நாலு" என்றாள் ஸஃபியா.

அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவளே "ஒம்பது" என்று சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுக் கையை நீட்டினாள். வகுப்பில் அதற்குப் பிறகு பிஸ்கட் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் ஜமீலா வீட்டுக்குப் போனேன். வகுப்பு தொடங்கியிருக்கவில்லை. டீ கொண்டுவந்து வைத்தாள். நான் நின்றுகொண்டேதான் கேட்டேன்.

"ஜமீலா, ஸஃபியாவுக்குக் கணக்குத் தெரியுமா?"

"என்னடி இப்படிக் கேக்கற? வீடியோல பாத்தியல்ல?"

"எதக் கேட்டாலும் அதே வரிசையில அதையே சொல்றா. சாப்ட்டியான்னு கேட்டா நாலுங்கறா."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் ஒருவேளை நம்பிக்கூட இருப்பேன். அவள் மறுக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"நூரு, நீ தினம் வந்து என்ன படிச்சா, என்ன படிச்சான்னு வாசல்ல நின்னா நா என்னத்தச் சொல்றது? இந்தப் புள்ளைகளுக்குக் கணக்கெல்லாம் உள்ள ஏறாதுடி. ஏறாதுன்னு சொன்னா நீ தாங்குவியா? நீ சந்தோசமா இருக்கோணும்னுதான் மனப்பாடம் பண்ண வெச்சேன்."

"எனக்காகன்னா எனக்கு மட்டும் காட்டியிருக்கலாமே. ஊருக்கெல்லாம் எதுக்கு அனுப்பின?"

அவள் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நா துஆ கேக்கறப்ப நீ ஆமீன் சொன்னியே, ஜமீலா."

"துஆ வேற, இது வேற நூரு" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா? இஞ்சி வேறு, மஞ்சள் வேறு என்கிற மாதிரி.

நான் டீயைத் தொடாமல் இறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டுக் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. "கணக்குப் போனாப் போகட்டும் நூரு. நா சாவி எடுத்தா 'போலாம்'னு வருவாளே, அதைக் கேட்டு எத்தன காலமாச்சு? அதையும் எடுத்துட்டாங்களே" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் அழுது பார்த்தது அன்று மட்டும்தான்.

பிள்ளைகளைச் சேர்த்திருந்த தாய்மார்களிடம் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். ஒரு சகோதரி, "எம் மக நல்லாத்தான் சொல்றா. ஒங்களுக்கு ஏன் வயிறெரியுது?" என்று கேட்டார். எனக்கும் ஜமீலாவுக்கும் ஏதோ சண்டை, அதனால் கதை கட்டுகிறேன் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று நான் கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற ஆமினா மட்டும் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, நீங்க அல்லாஹ் பேரச் சொல்லி எந்திரிச்சு நின்னு சொன்னதாலதானே நா சேத்தேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து என் துஆ நின்றுபோயிற்று. தொழுவேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன். கை ஏந்த மாட்டேன். என்ன கேட்பது? நான் கேட்டேன், கிடைத்தது என்று நம்பினேன், ஊருக்கெல்லாம் சொன்னேன். கிடைத்தது ஒரு நாடகம். ஜமீலா ஏமாற்றினாள் என்பது ஒரு பக்கம். யா அல்லாஹ், அவள் ஏமாற்றும்போது நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், உன் பெயரைச் சொல்லித்தானே நான் சாட்சி சொன்னேன், என்னை ஏன் தடுக்கவில்லை? இதுதான் எனக்கும் அவனுக்கும் இருந்த வழக்கு. வாயால் சொல்லவில்லை. மனதில் அது மட்டும்தான் இருந்தது.

வகுப்பை நிறுத்திவிட்டோம். வீட்டில் மறுபடியும் தமிழ் பேச ஆரம்பித்தோம். பாலக்காட்டில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டியபோது, "வீட்டில் எந்த மொழியில் உங்களுக்கு இயல்பாகப் பேச்சு வருமோ அதில் பேசுங்கள், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் வராது" என்று சொன்னார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது, போன நாட்களை நினைத்து ஆத்திரமாகவும் இருந்தது. ஸஃபியா மட்டும் பேசவில்லை. மாதங்கள் போயின. நான் பேசுவேன், அவள் ஜன்னலைப் பார்ப்பாள். சில சமயம் தானாகவே "அஞ்சு, ஏழு, நாலு, ஒம்பது" என்பாள். நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

மாங்காய் சீசன் வந்தது. பள்ளி விடுமுறையில் அவளை விட்டுவிட்டு வர இடமில்லாததால் பெட்டி போடுகிற ஷெட்டுக்குக் கூடவே அழைத்துப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்து, காகிதம் வைத்து அடுக்குவார்கள். அவள் காகிதக் கீற்றுகளைக் கையில் அளைந்தபடி ஒரு மூலையில் இருப்பாள்.

ஒரு நாள் அஸர் தொழுகையை ஷெட்டிலேயே, ஒரு சாக்கை விரித்துத் தொழுதேன். தொழுது முடித்துத் திரும்பினால், ஸஃபியா என் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நேராகப் பார்ப்பது அபூர்வம். எனக்கு என்ன தோன்றியதோ, கை தானாக உயர்ந்தது. அழகான வார்த்தை எதுவும் வரவில்லை.

"யா அல்லாஹ், எனக்குக் கணக்கு வேண்டாம். படிப்பு வேண்டாம். இவ உள்ள என்ன இருக்குன்னு எனக்குக் காட்டு. கொஞ்சமா இருந்தாலும் போதும், ஒண்ணுமே இல்லைன்னாலும் சரி. ஆனா நெசத்தக் காட்டு. இனி எனக்குப் பொய் வேண்டாம்."

அவ்வளவுதான் கேட்டேன்.

சில நாள் கழிந்தது. பழுத்துவிட்ட காய்களை லாரியில் ஏற்ற முடியாது. சாயங்காலம் அவற்றை வேலைக்கு வந்த பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். அன்றும் பெண்கள் தங்கள் பைகளை வரிசையாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். நான் பழக்கூடையோடு குனிந்தபோது ஸஃபியா எழுந்து வந்து கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். முதல் பையில் போட்டாள். அடுத்ததை எடுத்து அடுத்த பையில் போட்டாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். வரிசை முடிந்ததும் திரும்பி வந்து முதல் பையிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். எந்தப் பையையும் விடவில்லை. எதிலும் இரண்டு தடவை போடவில்லை.

கூடை காலியாயிற்று. கடைசிப் பைக்கு அந்தச் சுற்றில் பழமில்லை. அவள் கூடைக்குள் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பையின் மேல் வைத்தாள்.

"பத்தல" என்றாள்.

"என்னடா தங்கம்? எத்தன பத்தல?"

"ஒண்ணு."

கை கழுவிவிட்டு வந்த ஒரு பெண், "ஏனுங்க நூரம்மா, புள்ள என்னமோ பேசுதுங்க!" என்று கூவினாள். நான் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து நல்ல காய் ஒன்றை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். அதைக் கடைசிப் பையில் போட்டாள். போட்டுவிட்டு, "போதும்" என்று சொல்லித் தன் காகிதக் கீற்றுகளிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். பிஸ்கட்டுக்குக் கை நீட்டவில்லை.

யாரும் அவளுக்கு அந்தச் சொற்களைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஷெட்டில் நாள் முழுவதும் பெண்கள் பேசிக்கொள்வது அவைதான். காகிதம் பத்தல, பெட்டி போதும், இன்னும் ஒண்ணு குடு. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பொருள் தெரிந்து வைத்திருக்கிறாள். நான் அந்தக் காகிதக் குப்பையின் மேலேயே நெற்றி பதித்து ஸஜ்தாவில் விழுந்தேன்.

ஆனால் சகோதரிகளே, ஒரு முறை ஏமாந்தவளுக்குச் சந்தோஷம் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. மறுநாள் பைகளை மாற்றி வைத்தேன். பழத்தைக் குறைத்தேன். "ரெண்டு பத்தல" என்றாள், சரியாக இருந்தது. இன்னொரு நாள் நிறையக் குறைத்தேன், தப்பாகச் சொன்னாள். அந்தத் தப்பைக் கேட்டு நான் சிரித்துக்கொண்டே அழுதேன். வீடியோவில் அவள் ஒரு முறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. யோசிக்கிற பிள்ளைக்குத்தானே தப்பு வரும்?

ஜூனில் எல்லைப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில், தமிழ் வகுப்பில் அவளைச் சேர்த்தோம். ஆசிரியை வடகரப்பதி ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எனக்கு இந்த மாதிரிக் கொழந்தைகளோட பழக்கம் கம்மிதானுங்க. தெரிஞ்சதச் செய்யறனுங்க. தெரியலீன்னா தெரியலீன்னு உங்ககிட்டச் சொல்லிப்போடறனுங்க." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டுக்கணக்காக நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது.

மிகைப்படுத்த மாட்டேன். பத்துக்கு மேல் போனால் ஸஃபியா தடுமாறுகிறாள். கழித்தல் இன்னும் வரவில்லை. ஏழு என்ற எண்ணைத் திருப்பி எழுதுகிறாள். "அத்தா" என்று எழுதியிருந்தால் படிக்கிறாள், மற்றது மெதுவாகத்தான். ஆட்டிசம் எங்கும் போய்விடவில்லை, போகவும் போகாது. சில நாள் அவளுடைய அழுகையும் அடியுமாக விடிகிறது. ஆனால் அவள் சொல்கிறது எல்லாம் அவளுடையது.

ஜமீலாவின் வகுப்பு இப்போதும் நடக்கிறது. கடைத்தெருவில் பார்த்தால் ஸலாம் சொல்கிறாள், நானும் பதில் சொல்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. பிள்ளையின் ஆண்டுகளை எடுத்துக்கொண்டாள், வாயிலிருந்த சொற்களை எடுத்துக்கொண்டாள். இந்தப் பாரத்தை என் மனதிலிருந்து இறக்கிவிடும்படி அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த துஆ இன்னும் கபூலாகவில்லை. இங்கே நின்று இனி ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்.

என்னைத் தடுக்கவில்லையே என்று அவனோடு வழக்காடினேன் அல்லவா? பெருநாளன்று நாத்தனாரைக் கேள்வி கேட்க வைத்தது யார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பொய் சொன்னது மனிதர்கள். அதை உடைத்துக் காட்டியது அவன். அப்போது அது எனக்கு அடியாகத்தான் தெரிந்தது.

தாய்மார்களே, என் மகளைப் போல ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள். அல்லாஹ்வை நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வது இல்லை. பிள்ளையோடு உங்கள் மொழியில் பேசுங்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள். கை ஏந்த மனமில்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுகிறவர் யாராவது இங்கே இருந்தால், இன்று மட்டும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பெரிய வார்த்தை தேட வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழிலேயே கேளுங்கள். அவனுக்குப் புரியும்.